வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணி பதனிடும் ஆலைக்காரர்களும் தீவன ஆலை நடத்துபவர்களும் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்கள் வேறு வேறு தொழிலில் இருந்தாலும் குழப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். டப்பாவில் "வெப்பம் தாங்கும்" என்று அச்சிட்டிருந்தால் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், எந்தக் கரைசலில் என்று கேட்காவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

சூடு பட்டால் நொதி கெட்டுவிடும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

ஆம், பெரும்பாலான நொதிகளுக்கு அதுதான் உண்மை. நொதி என்பது புரதம். ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும்வரைதான் அதற்கு வேலை தெரியும். வெந்நீரில் விழுந்த முட்டையின் வெள்ளைக்கரு உறைவதும் புரதத்தின் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான். நம் உடலில் உள்ள நொதிகளில் பல 50 டிகிரியைத் தாண்டினால் தாக்குப்பிடிப்பதில்லை. இந்தக் குலைவு மிகவும் உயர்ந்த வெப்பநிலையில் மட்டும், அதுவும் மெதுவாக நடக்கும் நொதிகளைத்தான் வெப்பம் தாங்கும் நொதிகள் என்கிறோம். அவற்றுக்கும் எல்லை உண்டு. அழியாத நொதி என்று எதுவும் கிடையாது.

"95 டிகிரி தாங்கும்" என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் என்ன அர்த்தம்?

தொழிலில் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறார்கள். ஒன்று, நொதி எந்த வெப்பநிலையில் மிக வேகமாக வேலை செய்கிறது என்பது. இன்னொன்று, அந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பது. பத்து நிமிடச் சோதனையில் 80 டிகிரியில் உச்ச வேகம் காட்டிய நொதி, அதே 80 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடும் தொட்டியில் பாதி வழியிலேயே படுத்துவிடலாம்.

ஆகவே கேட்க வேண்டியது அரை ஆயுளை, அதாவது செயல்திறன் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை. மரபணுச் சோதனைக் கூடங்களில் பரவலாகப் புழங்கும், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 92.5 டிகிரியில் அதன் அரை ஆயுள் 2 மணி நேரத்துக்கு மேல். 95 டிகிரியில் சுமார் 40 நிமிடம். 97.5 டிகிரியில் வெறும் 9 நிமிடம். ஒவ்வொரு இரண்டரை டிகிரிக்கும் ஆயுள் எப்படிச் சரிகிறது பாருங்கள். வெப்பமானி இரண்டு டிகிரி தவறாகக் காட்டும் ஆலையில் நொதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த நொதிகள் எல்லாம் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வருகின்றனவா?

சில அப்படித்தான். புகழ்பெற்றது அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கிடைத்தது. தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 1966இல் அங்குள்ள மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அதற்கு முன் வெப்பவிரும்பிகளைத் தேடியவர்கள் பெரும்பாலும் 55 டிகிரியில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். இவர்கள் 70 டிகிரியை ஒட்டி வளர்த்தார்கள். இளமஞ்சள் நிறத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிக்கஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். வளர்ப்பை அமெரிக்க நுண்ணுயிர் வங்கியில் யாரும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்படைத்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் நடந்ததெல்லாம் அந்த ஒப்படைப்பால் விளைந்தது என்பது என் கருத்து. பிராக் பின்னர் சாதாரண வெந்நீர்க் குழாய்களிலும் இந்த இனத்தைக் கண்டார்.

கடலடியிலும் கிடைக்கின்றன. இத்தாலியின் வல்கானோ தீவை ஒட்டிய சூடான கடற்படிவில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் 100 டிகிரியில்தான் நன்றாக வளரும். 1986இல் விவரிக்கப்பட்டது.

ஆனால் ஆலைகளில் அதிகம் புழங்கும் வெப்பம் தாங்கும் நொதி எந்த ஊற்றிலிருந்தும் வரவில்லை. மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸைத் தந்த பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ், மண்ணிலும் கோழி இறகிலும் சர்வ சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா. அது வளர்வது 50, 55 டிகிரி வரைதான். அது சுரக்கும் அமைலேஸோ 90 டிகிரிக்கு மேலும் வேலை செய்கிறது! தான் வாழவே முடியாத சூட்டில் தன் நொதி மட்டும் உழைக்கிறது. வெப்பம் தாங்கும் நொதி வேண்டுமென்றால் வெப்பவிரும்பியைத்தான் தேட வேண்டும் என்ற விதி இங்கே உடைகிறது. குப்பைக் கிடங்கின் உட்புறமும் மட்கும் எருக்குவியலும் 60, 70 டிகிரி வரை சூடேறும். தேடுபவர்கள் அங்கும் கைவைத்துப் பார்க்கலாம்.

கொதிநீரிலும் சாகாத பாக்டீரியா வித்துகள் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. வித்து என்பது உறங்கும் நிலை. சூட்டைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும், அவ்வளவுதான். இங்கே நாம் பேசுவது சூட்டிலேயே வேலை செய்யும் புரதத்தைப் பற்றி.

அந்தப் புரதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரே ஒரு ரகசியம் இருக்கும் என்று பலர் பல ஆண்டுகள் தேடினார்கள். கிடைக்கவில்லை. நேர், எதிர் மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்களுக்கு இடையே உப்புப் பாலங்கள் கூடுதலாக இருக்கலாம். உட்பகுதி இடைவெளியின்றி இறுக்கமாக அடைபட்டிருக்கலாம். வெளியே தொங்கும் வளையங்கள் குட்டையாக இருக்கலாம், அவற்றில் புரோலின் என்ற வளைந்துகொடுக்காத அமினோ அமிலம் அதிகம் இருக்கலாம். கால்சியம் போன்ற உலோக அயனி நடுவில் உட்கார்ந்து கட்டிப்பிடித்திருக்கலாம். ஒவ்வொரு நொதியும் இவற்றில் சிலவற்றைத் தன் போக்கில் கலந்து வைத்திருக்கிறது.

இந்த இறுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. சூட்டில் உறுதியாக நிற்கும் பல நொதிகள் 30 டிகிரியில் மந்தமாகிவிடும். அசைந்து கொடுத்தால்தான் வேதிவினை நடக்கும். குளிரில் இவை அசைவதில்லை.

கால்சியம் பற்றிச் சொன்னதை ஆலைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டும். அமைலேஸ் ஓடும் தொட்டியில் கடினநீருக்காக உலோக அயனிகளைப் பிடிக்கும் ரசாயனத்தையும் சேர்த்தால், அது நொதியின் கால்சியத்தையும் பறித்துக்கொள்ளும். கால்சியம் போன பின் சூடு தாங்காது.

ஆலைகள் ஏன் சூட்டிலேயே வேலை செய்ய வேண்டும்? குறைந்த சூட்டில் செய்தால் விறகும் மிச்சமாகுமே?

சில வேலைகளில் மூலப்பொருளே சூடு கேட்கிறது. மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸ் பாகு எடுக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும்.

மாவுச்சத்துத் துகள் பச்சையாக இருக்கும்போது நொதி அதற்குள் எளிதில் புகாது. தண்ணீரில் சூடாக்கினால் துகள் உப்பி வெடித்து, சங்கிலிகள் வெளியே வரும். வீட்டில் கஞ்சி காய்ச்சுவதும் இதுதான். ஆனால் ஆலையில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு மாவுச்சத்து உள்ள கரைசலை ஓட்டுகிறார்கள். அதை நொதியில்லாமல் சூடாக்கினால் குழாயில் நகராத பசையாகிவிடும். ஆகவே உப்பத் தொடங்கும்போதே சங்கிலியை வெட்டிக் கரைசலை நீர்க்கச் செய்யும் ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். மாவுக் கரைசலில் நொதியை முதலிலேயே கலந்து, அமிலகாரத்தன்மையை (pH) 6க்கு அருகில் வைத்து, நீராவி பீய்ச்சும் ஜெட் குக்கர் வழியாக அனுப்புகிறார்கள். அங்கே 105 டிகிரியில் சுமார் 5 நிமிடம். பிறகு 95 டிகிரிக்கு இறக்கி ஒன்றரை, இரண்டு மணி நேரம். மறுமுனையில் பசைக்குப் பதிலாகத் தண்ணீர் போல ஓடும் திரவம் வருகிறது.

வெப்பம் தாங்கும் அமைலேஸ் 1970களில் சந்தைக்கு வருவதற்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமிலம் ஊற்றிக் கொதிக்கவைப்பது. பாத்திரம் அரிக்கும், பாகு நிறம் மாறும், பிறகு அமிலத்தை முறித்ததால் உண்டான உப்பையும் நீக்க வேண்டும். மற்றொன்று, அவ்வளவு சூடு தாங்காத பழைய அமைலேஸை வைத்துக்கொண்டு, வேகவைத்த கரைசலை ஆறவிட்டு மறுபடியும் நொதி சேர்ப்பது. இரண்டையும் ஒரே நொதி ஒழித்துக்கட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி இதுதான்.

இதற்கு அடுத்த கட்டத்தில் திரவத்தை 60 டிகிரிக்கு ஆறவைத்து, அமிலத்தன்மையைக் கூட்டி, குளுக்கோஅமைலேஸ் என்ற வேறொரு நொதியைச் சேர்த்து ஒரு நாளுக்கு மேல் விடுகிறார்கள். அந்த நொதி பூஞ்சையிலிருந்து வருவது. 95 டிகிரியில் அது நிற்காது. ஒரே ஆலையில் அடுத்தடுத்த இரு தொட்டிகளுக்கு வெப்பத் தேவை இவ்வளவு மாறுகிறது.

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இது பயன்படுமா?

ஜவ்வரிசிக்குத் தேவையில்லை. அங்கே மரவள்ளி மாவுச்சத்தை உடைக்காமல் காப்பாற்றுவதுதான் வேலை. அதே மாவுச்சத்து திரவக் குளுக்கோஸாகவோ எரிசாராயமாகவோ மாறப் போகும் இடத்தில் தேவைப்படும்.

துணி ஆலைக்கு எந்த நொதி, எந்தச் சூட்டில்?

முதலில் உங்களிடம் இருப்பது நெய்த துணியா, பின்னலாடைத் துணியா என்று சொல்லுங்கள். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி ஏற்றுகிறார்கள். சாயம் ஏற வேண்டுமானால் அந்தக் கஞ்சி வெளியேற வேண்டும். அதை வெளியேற்றும் டிசைசிங்குக்குத்தான் அமைலேஸ். திருப்பூர் பனியன் துணியில் பாவும் இல்லை, கஞ்சியும் இல்லை. அதற்கு அமைலேஸ் வாங்குவது வீண்செலவு.

துணியை உருளைகளில் முன்னும் பின்னும் ஓட்டும் ஜிக்கர் எந்திரத்தில் 60, 70 டிகிரியில் ஓட்டுபவருக்கு வழக்கமான பாக்டீரியா அமைலேஸே போதும். துணியை நனைத்துச் சுருட்டி இரவு முழுக்க அறைச் சூட்டில் வைப்பவருக்கு வெப்பம் தாங்கும் ரகம் சரிப்படாது. மேலே சொன்னபடி அது குளிரில் மந்தம். தொடர் எந்திரத்தில் துணியை நனைத்து 95 முதல் 100 டிகிரி நீராவியில் ஓரிரு நிமிடத்தில் முடிப்பவருக்குத்தான் அது அவசியம்.

கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க அயோடின் சொட்டு போதும். துணி நன்றாக ஆறியிருக்க வேண்டும், காரம் இருக்கக் கூடாது. சூடான துணியில் சொட்டு விட்டால் கஞ்சி இருந்தாலும் நீலம் காட்டாது. தேறிவிட்டது என்று அனுப்பிய துணி சாயத் தொட்டியில் திட்டுத் திட்டாக நிற்கும். ஆறிய துணியில் கருநீலம் என்றால் கஞ்சி அப்படியே இருக்கிறது. ஊதா கலந்த பழுப்பு என்றால் பாதி உடைந்திருக்கிறது. அயோடினின் மஞ்சளே மாறாமல் நின்றால் சுத்தம். பாலிவினைல் ஆல்கஹால் கலந்த கஞ்சி ஏற்றிய துணி என்றால் அமைலேஸ் அந்தப் பங்கைத் தொடவே தொடாது. கஞ்சி ஏற்றும் சைசிங் மில்லில் என்ன கலந்தார்கள் என்று கேட்டுவிட்டு நொதியைத் தேர்ந்தெடுங்கள்.

கோழித்தீவனத்தில் சேர்க்கும் ஃபைட்டேஸ் வெப்பம் தாங்குவதாக இருக்க வேண்டுமா?

தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு ஃபைட்டிக் அமிலத்தில் பூட்டிக்கிடக்கிறது. கோழிக்கு அதை உடைக்கும் திறன் போதாது. ஃபைட்டேஸ் சேர்த்தால் உடையும். எச்சத்தில் வீணாகி நீர்நிலைக்குப் போகும் பாஸ்பரஸும் குறையும். வெப்பம் தாங்க வேண்டுமா என்பது தீவனத்தின் வடிவத்தைப் பொறுத்தது. குச்சித்தீவனம் பிழியும் முன் நீராவியால் 80, 90 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். பல்லடம், கோவை வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் போகும் தீவனம் இப்படிப்பட்டது. நாமக்கல் முட்டைக்கோழிகளுக்குப் பெரும்பாலும் தூள் தீவனம். அதில் சூடே இல்லை. அங்கே வெப்பம் தாங்கும் ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். சோதனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டி.என்.ஏ. நகலெடுக்க அதன் இரு இழைகளையும் 95 டிகிரிக்கு அருகில் சூடாக்கிப் பிரிக்க வேண்டும், ஆறவைத்து நகலெடுக்க வேண்டும், மறுபடி பிரிக்க வேண்டும். கேரி மல்லிஸ் 1983இல் இந்த முறையை உருவாக்கியபோது குடல் பாக்டீரியாவான ஈ. கோலையின் நொதியைத்தான் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது வெந்துபோகும். மூடியைத் திறந்து புதிதாகச் சேர்க்க வேண்டும், சுமார் முப்பது சுற்றுக்கும்!

தெர்மஸ் அக்வாட்டிக்கஸின் பாலிமரேஸை, அதாவது மேலே சொன்ன டாக் நொதியை, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியெனும் உடனிருந்தவர்களும் 1976இலேயே பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்திய ஆய்வுக்கட்டுரை 1988இல் வந்தது. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் 95 டிகிரி என்றால் முப்பது சுற்றுக்கு 15 நிமிடம். அரை ஆயுள் 40 நிமிடம் உள்ள நொதி அதைத் தாண்டிவிடுகிறது. குழாயை மூடி எந்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம் என்றானது. மல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. சியெனின் பெயரை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன என்று பாருங்கள். எனக்கு அது உறுத்தும் விஷயம்.

அப்படியானால் அதிக வெப்பம் தாங்கும் நொதியே எப்போதும் மேலானதா?

இல்லவே இல்லை. பின்னலாடையின் மேலுள்ள பிசிறு நீக்கப் பருத்தி இழையை உடைக்கும் செல்லுலேஸ் சேர்க்கிறார்கள், 50, 55 டிகிரியில். வேலை முடிந்ததும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி, காரம் சேர்த்து நொதியைக் கொன்றாக வேண்டும். அது சாகாமல் துணியிலேயே தங்கினால் பிசிறோடு நிற்காது, நூலையே தின்னும். இங்கே எளிதில் சாவதுதான் நொதியின் நல்ல குணம்.

ரொட்டிக்கும் இது பொருந்தும். பூஞ்சை அமைலேஸ் அடுப்பில் சீக்கிரமே அடங்கிவிடும். பேசில்லஸ் அமைலேஸோ ரொட்டி வெந்த பிறகும் உள்ளே மாவுச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். நறுக்கினால் கத்தியில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மால்டோஜெனிக் அமைலேஸ்தான் ரொட்டியைப் பல நாள் மென்மையாக வைத்திருக்கிறது.

பால் தொழிலில் வெப்பம் தாங்கும் நொதி நேரடி எதிரி. குளிரூட்டிய பாலில் சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் மெல்ல வளர்ந்து புரதத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கும்போது பாக்டீரியா செத்துவிடும். நொதியில் ஒரு பங்கு பிழைத்துக்கொள்ளும். பெட்டிப் பால் சில மாதங்களில் கசப்பதும் கெட்டியாவதும் பல நேரம் இதனால்தான். கறக்கும் இடத்துச் சுத்தமே இதற்கு முதல் தடுப்பு.

இவ்வளவு நொதியை எப்படித் தயாரிக்கிறார்கள்?

நொதியின் மரபணுவை எளிதில் வளரும் பேசில்லஸ், பூஞ்சை அல்லது ஈஸ்டில் ஏற்றி, பெரிய தொட்டிகளில் சாதாரண வெப்பநிலையில் வளர்க்கிறார்கள். ஆய்வகத்தில் டாக் நொதியை ஈ. கோலையில் தயாரிக்கும்போது ஓர் அழகான காட்சி உண்டு. செல்களை உடைத்த கரைசலில் ஆயிரக்கணக்கான ஈ. கோலைப் புரதங்களோடு நமக்கு வேண்டியதும் கலந்திருக்கும். அதை அப்படியே 75 டிகிரியில் வைத்தால் கரைசல் கண்முன்னே கலங்கித் திரிந்துபோகும். மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றினால் ஈ. கோலையின் புரதங்கள் வெள்ளையாக அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் டாக் நொதி இருக்கும். மாணவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய சோதனை.

ஊற்று இருக்கும் நாட்டுக்கு ஏதாவது கிடைக்குமா?

டாக் விஷயத்தில் எல்லோஸ்டோனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பி.சி.ஆர். உரிமையை 1991இல் ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1997இல் பூங்கா நிர்வாகம் டைவர்சா என்ற நிறுவனத்தோடு பலன் பகிரும் ஒப்பந்தம் செய்தது; அது வழக்குவரை போனது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டம் நுண்ணுயிர்களுக்கும் பொருந்தும். அதை நடத்தும் தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஊற்று நீரில் கிடைத்த நொதிக்குக் காப்புரிமை கேட்க நினைப்பவர்கள், மாதிரி எடுக்கும் முன்பே அங்கே விதிகளை விசாரித்துவிடுவது நல்லது.

கையாளுபவருக்கு ஆபத்து உண்டா?

தூளாக இருந்தால் உண்டு. 1960களின் இறுதியில் பிரிட்டனில் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்கள் நொதித் தூசியை மூச்சில் இழுத்து ஆஸ்துமாவுக்கு ஆளானார்கள். பூச்சுப் பூசிய குருணைகள் வந்தது அதன் பிறகுதான். தூளைக் கொட்டும்போது முகமூடி வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். திரவ நொதியும் தெளித்தால் நுண்துளியாகி நுரையீரலுக்குள் போகும்.

இரண்டு கம்பெனிகளின் நொதியை யூனிட்டை (செயல்திறனின் அளவை) வைத்து ஒப்பிடலாமா?

கூடாது. ஒருவர் 37 டிகிரியில் அளப்பார், இன்னொருவர் 60 டிகிரியில் அளப்பார். யூனிட்டின் வரையறையே வேறு. உங்கள் தொட்டியின் தண்ணீரில், உங்கள் சூட்டில், உங்கள் நேரத்தில் இரண்டையும் ஓட்டி, ஒரு கிலோ துணிக்கோ ஒரு டன் மாவுக்கோ என்ன செலவு என்று பாருங்கள்.

95 டிகிரி தாங்கும் நொதியை ஏன் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்?

தொட்டியில் அது தாங்க வேண்டியது நிமிடக் கணக்கில். கேனில் தாங்க வேண்டியது மாதக் கணக்கில். மே மாதத்தில் தகரக் கூரைக் கிடங்கு 40 டிகிரியை எளிதில் தாண்டும். அந்தச் சூட்டில் மடிப்பு உடனே குலையாது. ஆனால் அமினோ அமிலங்களில் மெதுவான வேதிமாற்றங்கள் நடந்துகொண்டே இருக்கும். மூடி சரியாக இல்லாத கேனில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து நொதியையே உணவாக்கிக்கொள்ளும். குளிரறை இல்லாவிட்டால் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். பழைய கேனை முதலில் எடுங்கள். கோடையில் மாதம் ஒருமுறை பழைய கேனிலிருந்தும் புதிய கேனிலிருந்தும் ஒரே அளவு எடுத்து, ஒரே துணியில் ஓட்டி, அயோடின் சொட்டு விட்டுப் பாருங்கள். நிறம் வேறுபட்டால் பழைய கேனுக்கு அளவைக் கூட்டுங்கள். கூட்டியும் மஞ்சள் நிற்கவில்லையென்றால் அதை ஒதுக்கிவிடுங்கள்.